நெருங்கி முளைத்த கரட்

கேள்வி: லயத்தோரப் பாத்தியில் கரட் விதையைத் தாராளமாகத் தூவினேன். நாற்றுகள் நெருக்கமாக முளைத்து, நெட்டையாகி, சாய்ந்துவிட்டன. ஒன்றையொன்று கெடுக்கின்றனவா?
– வாசகி, ஹட்டன்

பதில்: கெடுப்பது பிறகுதான், சகோதரி. முதலில் உதவுகின்றன. இறுகிய மேல்மண்ணை ஒற்றை முளையால் பிளக்க முடியாதபோது, பல முளைகள் சேர்ந்து தள்ளித் திறந்துவிடும்.

தலை வெளியே வந்ததும் நிலைமை மாறும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிவிட்டு, தூரச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகிறது. பக்கத்து நாற்றிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி அந்த ஒளியை உணர்கிறது. நிழல் விழுவதற்கு முன்பே தண்டும் இலைக்காம்பும் நீளத் தொடங்கும். வேருக்குப் போக வேண்டிய உணவு மேலே போய்விடும். உங்கள் நாற்றுகள் சாய்ந்ததற்கு இதுவே பெரும்பாலும் காரணம். மூடுபனி ஈரத்தில் நெருக்கமான நாற்றுகளிடையே அழுகல் நோயும் வேகமாகப் பரவும்.

பக்கத்திலுள்ள மரமும் நாற்றைக் கெடுக்கலாம். தோட்டங்களில் விறகுக்காக வளர்க்கும் யூக்கலிப்டஸ் மரத்தடியில் பாத்தி போடாதீர்கள். அதன் சருகிலிருந்து ஊறும் பொருட்கள் பல விதைகளின் முளைப்பைத் தடுக்கும்.

அடுத்த முறை, இரண்டு மூன்று இலை விட்டதும் 5 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும்படி கலைத்துவிடுங்கள். கலைத்ததை வேறிடத்தில் நடவேண்டாம். கிழங்கு கிளைத்துக் கோணலாகிவிடும்.