கதவு எந்தப் பக்கம்?

அன்புள்ள தம்பிக்கு,

உன் கைந்நூலின் படியை நேற்றிரவு ஒரே மூச்சில் படித்தேன். உலர் கழிப்பறை ஏன் வேண்டும், செப்டிக் டேங்க் ஏன் தீர்வாகாது என்பதெல்லாம் நான் உனக்கோ நீ எனக்கோ சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பக்கங்களை விறுவிறுவென்று கடந்து போனவன், பதினோராம் படத்தில் நின்றுவிட்டேன்.

தரைக்கு மேலே இரண்டு அறை, அதன்மேல் பீங்கான், ஏறப் படி, எல்லாம் அளவோடு வரைந்திருக்கிறாய். எருவை வெளியே எடுக்கும் கதவை மட்டும் பின்சுவரில், சந்துப் பக்கம் பார்த்து வைத்திருக்கிறாய். படத்தின் அடியில் ஒரு வரி வேறு: அறை நிறைந்து ஆறிய பிறகு ஓர் ஆளை வைத்து அள்ளிக்கொள்ளலாம் என்று.

யாரை, தம்பி?

பழைய எடுப்புக் கக்கூஸ்களுக்கும் கதவு பின்பக்கம்தான். வீட்டுக்காரர் கண்ணில் படாமல் ஒருவர் வந்து அள்ளிப்போகத்தான் அந்தச் சந்து வழியையே விட்டு வைத்தார்கள். நீ அதை மனதில் வைத்து வரையவில்லை என்று எனக்குத் தெரியும். மனைக்கு அந்த இடம்தான் தோது என்று போட்டிருப்பாய். கொத்தனாரிடம் விட்டாலும் அங்கேதான் வைப்பார். யோசிக்காமல் வரைந்தால் யார் கையும் அந்தச் சுவரில்தான் போய் நிற்கிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான்.

மலத்தை எருவாக்கும் வித்தை பழையது. லடாக்கில் மாடிக் கழிப்பறையில் மண்ணும் சாம்பலும் தூவி, கீழே சேர்ந்த எருவை வயலுக்குக் கொண்டுபோவது தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. இந்தூரில் ஆல்பர்ட் ஹோவர்டு கழிவுகளை மக்கவைத்து எருவாக்கும் முறையை வகுத்தார். பெங்களூரில் சி. என். ஆச்சார்யா 1939இல், ஊர்க் குப்பையையும் மலத்தையும் குழியில் அடுக்கடுக்காகப் போட்டுக் கிளறாமலே மக்கவைக்கும் முறையை வகுத்தார். வேளாண் மாணவர்கள் இன்றும் அதைப் பெங்களூர் முறை என்று படிக்கிறார்கள். குழிக்குள் என்ன நடக்கிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது. அந்தக் குழி வரைக்கும் அதைச் சுமந்து வந்தது யார் என்பதுதான் பாடத்தில் இல்லை. 1932 டிசம்பரில் காந்தியவாதி அப்பாசாகேப் பட்வர்தன் ரத்னகிரி சிறையில், மலம் அள்ளும் வேலையைத் தனக்கும் கொடுக்க வேண்டும் என்று கேட்டு உண்ணாவிரதம் இருந்தார். மேல்சாதிக் கைதிக்கு அந்த வேலையைத் தரச் சிறை விதி இடம் கொடுக்கவில்லை. அவருக்காக எரவாடா சிறையில் காந்தியும் பட்டினி கிடந்தார். நம் தொழிலுக்கு முன்னோடி யார் என்று கேட்டால் ஹோவர்டுக்கு முன்னால் நான் பட்வர்தனைத்தான் சொல்வேன்.

முசிறிப் பக்கம் உலர் கழிப்பறை வேலை சூடுபிடித்திருந்த காலம் நினைவுக்கு வருகிறது. காவிரிக்கரை ஊர்கள், கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். மழைக்காலத்தில் குழிக் கக்கூஸ் எல்லாம் நிரம்பி வழியும். தரைக்கு மேலே கட்டுகிற இந்த மாதிரி அங்கே எடுபட்டதற்கு அதுதான் காரணம். சுப்புராமனும் அவருடைய ஸ்கோப் தொண்டு அமைப்பும் இதற்காக ஊர் ஊராக அலைந்தார்கள். அதற்கு முன்பே 1990களில் கேரளத்து மீனவ ஊர்களில் பால் கல்வர்ட் என்பவர் இதே மாதிரியைக் கட்டிக் காட்டியிருந்தார். முசிறியில் உள்ளே போய் வருபவருக்குக் காசு கொடுத்த பொதுக் கழிப்பறைகூட இருந்தது. 2021இல் சுப்புராமனுக்குப் பத்மஸ்ரீ அறிவித்த அன்று பழைய கூட்டாளிகள் ஒருவருக்கொருவர் போன் போட்டுப் பேசித் தீர்த்தோம்.

அந்த முசிறி நாட்களில் ஒரு வாழைக்காரர் வீட்டில் முதல் அறையைத் திறக்கிறார்கள் என்று காலையிலேயே போனேன். கதவுக்கல்லை எடுத்தாகிவிட்டது. உள்ளிருந்து வந்தது சாம்பல் நிறப் பொடி. துளி வாடை இல்லை, கையில் எடுத்தால் விரலிடுக்கில் உதிர்ந்தது. மண்வெட்டி பிடித்திருந்தவர் காலனியிலிருந்து கூலிக்கு வந்தவர். வீட்டுக்காரர் கிணற்றடியில், துண்டால் மூக்கை மூடியபடி நின்றார். அந்த மனிதர் சட்டியை நிரப்பிக்கொண்டே என்னிடம் கேட்டார்: “வெறும் மண்ணுதான் சார் இது. அப்புறம் எதுக்கு என்னையத் தேடி வந்து கூப்பிட்டாங்க?”

மலம் மண்ணாகிவிட்டது. வேலை மட்டும் அதே ஆளிடம் இருந்தது. உன் பதினோராம் படத்தைப் பார்த்ததும் அந்தக் குரல்தான் காதில் விழுந்தது.

கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தையும் எடுத்துப் படி. முழுமையாக மக்காத மலத்தை ஆள் வைத்து அள்ளவைப்பது குற்றம். மூன்று மாதத்தில் அறையைத் திறக்கலாம் என்று எழுதிவிட்டு, ஆள் வைக்கலாம் என்றும் எழுதினால் உன் வாசகரை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறாய்?

கதவைத் தோட்டத்துப் பக்கம் திருப்பு. வீட்டுக்காரர் குனியாமல் மண்வெட்டி போடும் உயரத்தில் அறையின் தரை இருக்கட்டும். சட்டி வைக்கத் திண்ணை மாதிரி ஒரு விளிம்பு கட்டு. கதவைச் சிமென்ட் வைத்துப் பூசாதே, களிமண் போதும், கடப்பாரை இல்லாமல் திறக்க வேண்டும். ஒரு காலை வேளையில் ஒருவர் காலி செய்துவிடும் அளவுக்குமேல் அறை வேண்டாம். கழிப்பறையை எடுக்கிற பக்கத்திலிருந்து வரைந்துகொண்டு வா, உட்காருகிற பக்கம் தன்னால் அமையும். நான் கட்டியவர்களிடமெல்லாம், அள்ளப்போவது நீங்கள்தான் என்று அஸ்திவாரம் போடும் முன்பே சொல்லிவிடுவேன். சிலர் அப்போதே பின்வாங்கினார்கள். போகட்டும் என்று விட்டேன்.

இன்னொன்று, சாம்பல். இருபத்து மூன்றாம் பக்கத்தில் ஒவ்வொரு முறையும் சாம்பல் தூவச் சொல்கிறாய். இரண்டு பக்கம் தள்ளி, குவியல் தானே சூடேறிக் கிருமிகளைக் கொல்லும் என்கிறாய். ஒரே அறையில் இரண்டும் நடக்காது. சாம்பல் ஈரத்தை உறிஞ்சிக் காரத்தை ஏற்றுகிறது. பிஹெச் 9க்கு மேல் போனால் கிருமி மெல்ல மெல்லச் சாகும், ஆனால் மக்கவைக்கும் நுண்ணுயிரும் படுத்துவிடும். அது உலர்த்தும் வழி. சூடேற்றுவது வேறு வழி. அதற்கு ஈரம் வேண்டும், காற்று வேண்டும், நார்க்கழிவோ வைக்கோலோ இலைச்சருகோ தாராளமாக வேண்டும். கரிமம் 25 முதல் 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு. குவியல் 50 டிகிரியில் ஒரு வாரமாவது நிற்க வேண்டும், அதைத் தெர்மாமீட்டர் குத்தித்தான் தெரிந்துகொள்ள முடியும். உன் நூலில் தெர்மாமீட்டர் என்ற பேச்சே இல்லை. நாக்குப்பூச்சி முட்டை லேசில் சாகாது, மண்ணில் வருஷக்கணக்கில் கிடக்கும். சூடேறாத அறை என்றால் நம் வெயிலிலும் ஒரு வருடத்துக்கு மேல் மூடிவைக்க வேண்டும். மூன்று மாதக் கணக்கு உனக்கு எங்கிருந்து வந்தது? அதை அடித்துவிடு.

இவ்வளவு திட்டிவிட்டேன். கழுவும் தண்ணீரைப் பற்றி நீ எழுதிய அத்தியாயம் மாதிரி தமிழில் நான் படித்ததில்லை. காகிதம் வைத்துத் துடைக்கிற நாட்டிலிருந்து வந்த வரைபடங்களை அப்படியே நகல் எடுத்துத்தான் பலர் கவிழ்ந்தார்கள். கழுவும் இடத்தைத் தனியாக நகர்த்தி, தண்ணீரை ஜல்லியும் மணலும் போட்ட பாத்திக்கு விட்டு, கல்வாழை நட்டு, வயதானவர்கள் இருட்டில் கால் தடுமாறாமல் நகர்ந்து உட்காரக் கைப்பிடி எந்த உயரத்தில் வேண்டும் என்பதுவரை யோசித்திருக்கிறாய். அந்தக் கைப்பிடி ஒன்றுக்காகவே இந்த நூல் வீடு வீடாகப் போக வேண்டும். ஒருவர் ஒரு வருடத்தில் கழிக்கும் 500 லிட்டர் சிறுநீரில்தான் பெரும்பங்கு தழைச்சத்து இருக்கிறது, மலத்தில் இல்லை என்பதை வாழைத்தோப்புக் கணக்காகச் சொன்ன இடமும் அபாரம்.

நூலின் இரண்டாம் பாகம், ஸ்கூட்டரை மின்வண்டியாக மாற்றுவது பற்றியது, பரவாயில்லை. பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ் வைக்கச் சொல்லியிருக்கிறாய், ஆர்.சி. புத்தகத்தில் மாற்றத்தைப் பதியவும் சொல்லியிருக்கிறாய். போதும். அதைத் தனி நூலாக்கிவிடு. இரண்டையும் ஒரே அட்டைக்குள் போட்டால் எல்லோரும் ஸ்கூட்டரைப் படித்துவிட்டு மூடிவைப்பார்கள்.

உன் வீட்டு முதல் அறையை மூடி ஏழு மாதம் ஆகிறது என்று முன்னுரையில் இருக்கிறது. அப்படியென்றால் நீ இன்னும் ஓர் அறையைக்கூடத் திறந்ததில்லை. வருடம் தாண்டட்டும். வெயில் நாளாகப் பார்த்து, கையுறை போட்டுக்கொண்டு, நீயே திற. வீட்டில் இருக்கும் எல்லோரும் ஆளுக்கொரு சட்டி சுமக்கட்டும். அந்த அத்தியாயத்தை எழுதிச் சேர்த்த பிறகு நூலை அச்சுக்குக் கொடு.

அன்புடன்,
உன் அண்ணன்