செருப்பு அணியும் உரிமை

கொல்கத்தாவின் வடபகுதியில், ஊக்ளி ஆற்றங்கரையை ஒட்டிக் குமார்டுலி என்னும் இடம் உள்ளது. குயவர் குடியிருப்பு என்பது அப்பெயரின் பொருள். துர்கா பூசைக்கு முந்தைய மாதங்களில் அங்குள்ள குறுகிய சந்துகளில் கால் வைக்க இடம் இராது. மூங்கில் சட்டத்தில் வைக்கோலைக் கட்டி, அதன்மேல் ஆற்றுக் களிமண்ணைப் பூசித் தேவியின் உருவத்தை அமைப்பர். மகாளய அமாவாசையன்று கண் வரைவது மரபு.

தேவிக்கே கண் தரும் இக்கைவினைஞருக்குச் சமூகம் தந்த மதிப்பு யாது? பழைய வங்கத்தில் குயவர் 'நவசாக்' என்னும் தொழிற்குடிகளின் வரிசையில் இடம்பெற்றனர். அவ்வரிசையில் உள்ளோர் தரும் நீரைப் பிராமணர் ஏற்பர். பிறர் தந்தால் ஏற்கமாட்டார். செய்யும் வேலையின் சிறப்பைவிடக் கொடுக்கும் நீரே ஒருவரின் மதிப்பை முடிவு செய்தது. இன்று குமார்டுலிப் பட்டறைகளின் பெயர்ப்பலகைகளில் 'மிருத்சில்பி', அதாவது மண்சிற்பி, என்று எழுதப்பட்டிருப்பதைக் காணலாம்.

தமிழகத்திலும் இத்தகைய நிலை இருந்தது. கொல்லர், தச்சர், கன்னார், தட்டார், கற்சிற்பியர் ஆகிய ஐந்தொழிலாளரும் கம்மாளர் எனப்பட்டனர். 1010ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, குஞ்சரமல்லன் என்னும் தச்சருக்கு 'இராசராசப் பெருந்தச்சன்' என்ற பட்டம் இருந்ததைக் கூறுகிறது. மன்னனின் பெயரையே தாங்கிய பட்டம்! ஆனால் அது ஒருவருக்குக் கிடைத்த பெருமை. அக்குடியினர் அனைவரின் நிலையை அறியக் கரூர் பசுபதீசுவரர் கோயிலுக்குச் செல்ல வேண்டும்.

அங்குள்ள ஒரு கல்வெட்டில், கோனேரின்மைகொண்டான் என்ற பட்டம் உடைய அரசர் வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு ஆணை ஒன்று வழங்குகிறார். தம் ஆட்சியின் 15ஆம் ஆண்டு ஆடி மாதம் முதல், அவர்கள் தம் வீட்டு நன்மை தின்மைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம். வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம். தம் வீடுகளுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம். 'நன்மை' திருமணம் போன்ற மங்கல நிகழ்ச்சியையும், 'தின்மை' இறப்பையும் குறிக்கும்.

அனுமதி தரப்பட்டது என்றால், அதற்கு முன் தடை இருந்தது என்பது விளங்கும். கோயிலுக்குக் கல் செதுக்கியவர் தம் வீட்டுச் சுவருக்குச் சாந்து பூச இயலவில்லை. அரசனுக்குத் தேர் செய்த தச்சர் வெறுங்காலுடன் நடந்தார். இவ்வாணை தனி ஒருவருக்கு அன்றி, நாட்டுக் கம்மாளர் அனைவருக்கும் பொதுவாக வழங்கப்பட்டது என்பது கருதத்தக்கது. கல்லில் வெட்டப்பட்டமையால், பின்னாளில் எவரேனும் தடுத்தால் அதனைச் சுட்டிக்காட்டவும் முடிந்தது.

சிந்தித்து எழுதுக:
பெருந்தச்சன் பட்டம், கரூர் ஆணை ஆகிய இரண்டில் கைவினைஞருக்கு மிகுதியாகப் பயன்பட்டது எது? ஏன்?
உங்கள் வீட்டுப் பெரியோரிடம் கேட்டு, அவர்கள் ஊரில் இருந்த கைத்தொழில் ஒன்றைப் பற்றி ஐந்து வரிகள் எழுதுக.