பன்னிரண்டு சொற்களும் றங்குப் பெட்டியும்

கணக்கு எழுதுவது என் தொழில். அலுவலகம் கொட்டாஞ்சேனை ஜெம்பட்டா வீதியில், வீடு வெள்ளவத்தையில். பத்து வருடத்துக்கு முந்திய பற்றுச்சீட்டைக் கேட்டாலும் ஐந்து நிமிடத்தில் எடுத்துக் கொடுப்பேன். அப்படிப்பட்டவன் தன் சித்தப்பாவின் ஒரேயொரு கடிதத்தைத் தொலைத்த கதை இது. கூகுளை விட்டு விலகுவோம் என்று யோசிக்கிறவர்கள் முதலில் இதைக் கேட்டுவிட்டுப் போகட்டும்.

ஸ்காபரோவில் இருக்கும் அத்தான் இன்றைக்கும் விடுகிறாரில்லை. "உம்மட மெயிலைப் பாத்து கூகுள்காரனுக்கு என்ன வரப்போகுது?" என்பார். அவர் 1979இலேயே கனடா போனவர். 1983 யூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தின்போது, எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஒழுங்கைக்குள் வந்தவர்களின் கையில் வாக்காளர் இடாப்பு இருந்தது. எந்த வீட்டில் யார் என்று அவர்கள் எவரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு யுத்த காலத்தில் பொலிஸ் பதிவு. வீட்டில் எத்தனை பேர், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்று படிவம் நிரப்பிக் கொடுத்தோம். 2007 யூன் 7 அன்று வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களை பஸ்களில் ஏற்றி வடக்கு, கிழக்குக்கு அனுப்பினார்கள். அடுத்த நாளே உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியது. ஆனாலும் எங்கள் தெருவில் எவரும் அதை மறக்கவில்லை. ஆகவே என்ன வரப்போகிறது என்று அத்தான் கேட்கும்போது நான் பதில் சொல்வதில்லை. அவர் வீட்டுக் கதவை எவரும் பட்டியலோடு வந்து தட்டவில்லை.

ஆனாலும் நான் மாறியதற்கு உடனடிக் காரணம் 2022 ஏப்ரல் 3. ஊரடங்கு, நள்ளிரவுக்குப் பிறகு பேஸ்புக், வட்ஸ்அப், யூடியூப் எல்லாம் மணிக்கணக்காக முடங்கின. 2018 மார்ச்சிலும் ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு 2019இலும் பார்த்ததுதான். 2019இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்த நாளில், கூப்பிடு தூரத்தில் இருந்த வாடிக்கையாளர்களுக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் பாதி நாள் தவித்திருக்கிறேன். 2022 மார்ச்சில்தான் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மார்ச்சில் சட்டம், ஏப்ரலில் தடை. என் தொழில், குடும்பம், காணி விவகாரம் எல்லாம் இரண்டு கம்பனிகளின் கையில் இருக்கிறது என்பது அன்றைக்கு உறைத்தது.

அத்தானின் மகன், என் மருமகன், கணினித் துறையில் இருப்பவன். "ஒரே சனி ஞாயிறில எல்லாத்தையும் மாத்திப்போடலாம் மாமா" என்றான். அந்த வசனத்தை நான் இன்னும் அவனுக்கு மன்னிக்கவில்லை.

நடந்தது இதுதான். புரோட்டன் என்ற சுவிட்சர்லாந்து மின்னஞ்சலில் ஒரு கணக்குத் திறந்தேன். இலவசக் கணக்கில் இடம் குறைவு என்பதால் ஜிமெயிலில் இருந்து 'காணி' என்று பெயரிட்ட கோப்பை மட்டும் இழுத்து எடுத்தேன். கோண்டாவில் வளவு பற்றி 2009 முதல் நொத்தாரிசோடும் உறவினரோடும் எழுதிய எல்லாமே அதற்குள். நீளமான ஒரு பாஸ்வேர்ட் போட்டேன். மடிக்கணினியின் பிரவுசர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டது. யூலையில், வீரம் தலைக்கேறி, ஜிமெயில் கணக்கையே அழித்தேன். நவம்பரில் மருமகன் மறுபடியும் வந்தான். "பழைய கணினியைத் துடைச்சுப்போட்டுச் சுத்தமாத் தொடங்குங்கோ மாமா." துடைத்தேன். அதோடு பிரவுசர் வைத்திருந்த பாஸ்வேர்டும் போயிற்று.

பதறவில்லை. எல்லா இடத்திலும் 'பாஸ்வேர்ட் மறந்துவிட்டதா?' என்று ஒரு வழி இருக்குமே. போனுக்குக் குறியீடு வந்தது, புதுப் பாஸ்வேர்ட் போட்டேன், உள்ளே போனேன். கடிதங்கள் வரிசையாக இருந்தன. அனுப்பியவர் பெயர், திகதி, தலைப்பு எல்லாம் தெரிந்தது. ஒன்றைத் திறந்தேன். உள்ளே வாசிக்க முடியாத எழுத்துக் குவியல். அடுத்ததும் அப்படியே. 'கிணறு விசயம்' என்ற தலைப்பில் சித்தப்பாவின் கடிதமும் அப்படியே.

எனக்குப் பிறகுதான் விளங்கியது. இந்த வகை மின்னஞ்சலில் கடிதத்தைத் திறக்கும் சாவி உங்கள் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தப் பாஸ்வேர்ட் நிறுவனத்திடம் இல்லை. அதற்காகத்தானே அங்கே போனோம். போன் குறியீட்டால் கணக்குக்குள் நுழையலாம், பழைய கடிதங்களின் பூட்டு திறக்காது. அதற்குக் கணக்குத் திறக்கும்போதே எடுத்துவைக்கக்கூடிய பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள் வேண்டும், அல்லது மீட்புக் கோப்பு வேண்டும், அல்லது பழைய பாஸ்வேர்டே நினைவுக்கு வரவேண்டும். சொற்களை எடுத்து வையுங்கள் என்று திரையில் வந்த அறிவிப்பை 'பிறகு' என்று தட்டிவிட்டவன் நான்தான். குற்றம் என்னுடையது. கால்வாசியை மருமகனோடு பங்கு போடுவேன்.

கிணற்றில் தன் பங்கை எங்களுக்கே விட்டுத் தருவதாக அந்தக் கடிதத்தில் சித்தப்பா எழுதியிருந்தார். அவர் 2021இல் லண்டனில் காலமானார். சட்டப்படி அது உறுதி ஆகாது என்று நொத்தாரிசு சொல்லிவிட்டார். சரிதான். ஆனால் சித்தப்பாவின் மகனுக்குக் காட்ட அது போதுமாக இருந்திருக்கும். தகப்பனின் வார்த்தையை அவர் தட்டமாட்டார். இப்போது, "அண்ணை, மெயில் இருந்தா அனுப்புங்கோவன்" என்கிறார். மரியாதையாகத்தான் கேட்கிறார். அதுதான் சுடுகிறது.

ஆகவே ஒழுங்கு இதுதான். முதலில் பாஸ்வேர்ட் பெட்டகம். நான் பிட்வார்டன் பாவிக்கிறேன், இலவசம் போதும். அதன் தலைமைப் பாஸ்வேர்டை ஒரு தாளில் எழுதுங்கள். ஆம், தாளில். அதை மறந்தாலும் மீட்டுத்தர எவரும் இல்லை. பிறகு மின்னஞ்சல், அதே நாளில் அந்தப் பன்னிரண்டு சொற்களும் தாளில். பழைய கணக்கை ஒரு வருடம் அப்படியே விட்டுவையுங்கள். வங்கி, மின்சாரப் பட்டியல், வைத்தியர் சனலிங், கனடா அக்காவின் அற்றோணித் தத்துவம் என்று ஒவ்வொன்றும் பழைய விலாசத்துக்கு வந்துகொண்டே இருக்கும். உங்களுக்கும் இதெல்லாம் இருக்கும். வெள்ளவத்தையில் யாருக்கு இல்லை? காணி சம்பந்தப்பட்டது எதுவானாலும் அச்செடுத்துவிடுங்கள்.

மற்றவை சுலபம், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பயர்பொக்ஸ், அதில் யூபிளொக் ஒரிஜின், தேடலுக்கு டக்டக்கோ. தமிழில் தேடினால் கூகுள் அளவுக்கு வராது, பொறுத்துக்கொள்கிறேன். வரைபடத்துக்கு ஓர்கானிக் மப்ஸ். இலங்கை முழுவதையும் ஒருமுறை இறக்கினால் டேட்டா இல்லாமலே கடற்கரைப் பக்கத்து ஒழுங்கைகளைக்கூடக் காட்டும். படங்களுக்கு எந்தே. மலையாளத்தில் 'என்னுடைய' என்று பொருள். எங்கள் 'என்ர' மாதிரித்தான். இதுவும் பூட்டுள்ள இடம், இதற்கும் மீட்புச் சொற்கள் உண்டு. அவற்றையும் எழுதினேன், இரண்டு தரம்.

தகவல் செயலியில் தோற்றேன். சிக்னலுக்கு வாருங்கள் என்று வாடிக்கையாளர் அத்தனை பேருக்கும் எழுதினேன், வந்தவர்கள் நால்வர். ஒருவர் பின்வாங்கினார். காரணம் நியாயமானது: அவருடைய சமூக ஊடகப் பொதியில் வட்ஸ்அப்புக்குத் தனி டேட்டா, சிக்னல் சாதாரண டேட்டாவைத் தின்கிறது. கொட்டாஞ்சேனையில் கடை நடத்துபவருக்கு அது காசு. ஆக, வட்ஸ்அப் என்னிடம் இருக்கிறது. அதிலும் செய்திகள் பூட்டித்தான் போகின்றன, 2016 முதல். யார் யாரோடு எப்போது பேசினார் என்ற விபரம்தான் நிறுவனத்திடம் சேர்கிறது. கூகுள் கிடங்குக்குப் போகும் அதன் காப்புப் பிரதி, நீங்களாகவே அமைப்புகளில் போய்ப் பூட்டாவிட்டால் பூட்டப்படாது. அதைப் பூட்டுங்கள். தொடர்மாடிக் குழுவில் அடையாள அட்டைப் படம் போடச் சொன்னால் போடாதீர்கள். எங்கள் குழுச் செயலாளரோடு இது விடயமாக எனக்கு இப்போது பேச்சுவார்த்தை இல்லை.

இன்னொன்று. தடை வரும் நாளில் கண்ட கண்ட இலவச விபிஎன்னை இறக்காதீர்கள். நீங்கள் எங்கெங்கே போகிறீர்கள் என்பதை அதன் சொந்தக்காரர் பார்க்கலாம். 2022இல் என் அலுவலகப் பையன் ஒரே இரவில் மூன்றை இறக்கியிருந்தான்.

இவ்வளவு பட்டும் ஏன் திரும்பிப் போகவில்லை என்று அத்தான் கேட்கிறார். திரும்பமாட்டேன். என் கடிதத்தை என்னாலேயே வாசிக்க முடியவில்லை என்றால், வேறு எவராலும் வாசிக்க முடியாது என்பதும் நிச்சயம்தானே. இதைச் சொன்னால் அவர் சிரிக்கிறார். சிரிக்கட்டும்.

அம்மாவிடம் ஒரு றங்குப் பெட்டி இருந்தது. 1983இல் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி முகாமுக்கு ஓடியபோது அவ தூக்கிக்கொண்டு போனது அதை மட்டும்தான்: உறுதி, பிறப்புச் சான்றிதழ்கள், தாலிக்கொடி. "முக்கியமானதைக் கடுதாசியில வை, கைக்கெட்ட வை" என்பா. புதுச் சொற்கள் பன்னிரண்டும் இப்போது அதற்குள், உறுதியோடு சேர்த்துச் சுற்றி வைத்திருக்கிறேன்.

பூட்டிய கடிதங்களை நான் அழிக்கவில்லை. பழைய பாஸ்வேர்ட் என்றைக்காவது நினைவுக்கு வந்தால் அவை திறக்கும். வெள்ளிக்கிழமைகளில் கோயிலால் வந்தபிறகு ஒன்றிரண்டு போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. போன கிழமை அம்மாவின் நட்சத்திரத்தையும் பழைய வீட்டு இலக்கத்தையும் சேர்த்துப் போட்டேன். அதுவும் இல்லை.