பேட்டரியில் சுற்றும் காற்றாலை

அறிவியல் மேளா நெருங்கினால் போதும், கோவிந்தாபுரம் போன்ற பாலக்காட்டு எல்லையோரத்துத் தமிழ்வழிப் பள்ளிகளிலும் தெர்மாகோல் காற்றாலை வந்துவிடும். அடிப்பலகைக்குக் கீழே பேட்டரி, கம்பத்துக்குள் ஒயர், உச்சியில் சின்ன மோட்டார், அதன் அச்சில் மூன்று இறக்கை. சுவிட்சைப் போட்டால் இறக்கை சுற்றும்; பக்கத்து அட்டை வீட்டில் விளக்கு எரியும். ஆற்றல் பாடத்துக்கென்று நாம் செய்யும் பொருள்களிலேயே அதிகக் கெடுதல் செய்வது இதுதான் என்பேன். காற்று இறக்கையைத் தள்ளி, இறக்கை ஜெனரேட்டரைச் சுழற்றி, அதிலிருந்து கரண்ட் வந்தால்தான் அது காற்றாலை. இங்கே பேட்டரியின் கரண்ட் இறக்கையைச் சுழற்றுகிறது, விளக்கையும் அதே பேட்டரிதான் எரிக்கிறது. மேசைமேல் இருப்பது மின்விசிறி. பாலக்காட்டுக் கணவாய்க்குள் ஆடிக்காற்றில் வளரும் பிள்ளைகள், உடுமலைப் பக்கம் போகும்போதெல்லாம் உண்மைக் காற்றாலைகளைப் பார்க்கிற பிள்ளைகள், ஆற்றல் எந்தத் திசையில் போகிறது என்பதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். பாடம் நடத்தாமல் விட்டிருந்தால் தெரியாமல்தான் இருந்திருக்கும். இப்போது தப்பாகத் தெரிந்துவிட்டது. அதை எடுப்பது பெரும்பாடு.

திருத்தத்துக்குச் செலவே இல்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டு, அதே மோட்டாரின் இரண்டு ஒயரிலும் ஒரு சிவப்பு எல்இடியை மாட்டுங்கள். அச்சில் நூலைச் சுற்றி வெடுக்கென்று இழுத்தால் விளக்கு ஒரு கணம் மின்னி அணையும். வெள்ளை எல்இடி வேண்டாம். அதற்கு ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும், சிவப்புக்கு 2 வோல்ட்டே போதும். மின்னவில்லையென்றால் ஒயரை மாற்றிப் போடுங்கள், எல்இடி ஒரு திசையில்தான் கரண்டை விடும். இறக்கை மாட்டி ஊதினால் விளக்கு எரியாது, ஆனால் மல்டிமீட்டரில் எண் அசையும். அதைப் பிள்ளைகளே படிக்கட்டும். ‘இவ்வளவு மங்கலாக இருந்தால் நடுவர் மதிப்பெண் போடுவாரா?’ என்று கேட்பார்கள். போடாமல் போகலாம். பளபளப்புக்கு மதிப்பெண் போட்டுப் போட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம், அதற்காகப் பொய்யான மாதிரியை வகுப்பில் வைக்க முடியாது. மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே எந்திரத்தின் இரண்டு வேலைகள் என்பதை இந்த மங்கலான விளக்கு காட்டிவிடுகிறது. ஆனைமலைத் தொடரில், ஆழியாறுக்கு மேலே உள்ள காடம்பாறை மின்நிலையத்தில் 100 மெகாவாட் வீதம் 4 எந்திரங்கள் இதையே செய்கின்றன: தேவை கூடும் நேரத்தில் நீர் விழ, கரண்ட் தருகின்றன, தேவை குறையும்போது கரண்டை வாங்கி, அதே நீரை மேலே ஏற்றுகின்றன. ஏற்றச் செலவாகும் அளவு திரும்பக் கிடைப்பதில்லை. ஆற்றல் அழியாது என்று மனப்பாடம் செய்த பிள்ளை, அப்படியானால் குறைந்தது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டிய இடம் அது.

ஆனால் திசை மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும். அதற்கு எந்தக் கிட்டையும் வாங்க வேண்டாம். வீட்டுச் சுவரில் தொங்கும் கரண்ட் மீட்டர் போதும். டிஜிட்டல் மீட்டரில் ஒரு சிவப்புப் பொட்டு மினுக்கிக்கொண்டிருக்கும். ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கு என்பது முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். மீட்டருக்கு மீட்டர் மாறும், படித்துப் பாருங்கள். அது 3200 என்று வைத்துக்கொள்வோம். ஃபிரிட்ஜ், டிவி, செட்டாப் பெட்டி எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 1000 வாட் இஸ்திரிப்பெட்டியை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 53 மினுக்கு வரும். (சூடேறியதும் பெட்டி தானாகத் துண்டித்துக்கொள்ளும், அதற்குள் எண்ணிவிட வேண்டும்.) 60 வாட் குண்டு பல்புக்கு 19 வினாடிக்கு ஒன்று. 9 வாட் எல்இடி பல்புக்கோ 2 நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். மின்சாரத்தைச் சேமிப்போம் என்று சுவரில் எழுதும் வாசகம் இந்தக் காத்திருப்புக்கு ஈடாகாது. பிள்ளைகள் மீட்டரைத் தொடக் கூடாது, ஃபியூஸ் கட்டை பக்கம் போகக் கூடாது, பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும். கண்ணால் பார்த்து எண்ணுவது மட்டுமே வேலை.

எண்ணியதை மலையோடு சேர்க்கலாம். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். 1000 லிட்டர் நீர் 600 மீட்டர் விழுந்தால், இழப்பைக் கழிக்காமல், சுமார் 1.6 யூனிட். இடுக்கி அணையின் நீர் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான உயரத்திலிருந்துதான் மூலமட்டத்து நிலத்தடி மின்நிலையத்துக்கு இறங்குகிறது. 1976-இல் தொடங்கிய அந்த நிலையத்தின் மொத்தத் திறன் 780 மெகாவாட். நாளுக்கு 5 யூனிட் செலவாகும் வீட்டுக்கு ஏறக்குறைய 3000 லிட்டர் நீர் மலையிலிருந்து விழ வேண்டும் என்று ஏழாம் வகுப்புப் பிள்ளையே கணக்குப் போட்டுவிடும். கோடையில் அணை வற்றும்போது கரண்ட் பற்றி ஏன் பேச்சு எழுகிறது என்பதைப் பிறகு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸ்மார்ட் வகுப்பறையில் நல்ல வீடியோக்கள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. டர்பைனின் உள்பாகத்தைக் காட்ட வீடியோதான் சரி, மறுக்கவில்லை. ஆனால் வீடியோவில் வரும் எண் எல்லாருக்கும் ஒன்றே. மீட்டரில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வோர் எண் வரும், ஏன் வேறுபடுகிறது என்ற கேள்வியும் கூடவே வரும். பாடத்தை முடிக்கவே நேரமில்லை என்பது அடுத்த தடை. எண்ணுவது வீட்டில் நடக்கட்டும். வகுப்பில் ஒரு பீரியட் போதும், கிலோவாட் மணிக் கணக்கு எப்படியும் தேர்வுக்கு உள்ளதுதான். பல குடும்பங்களுக்கு ஒரே மீட்டர் உள்ள குடியிருப்புப் பிள்ளைகளைத் தனியே நிறுத்தாமல், பள்ளி மீட்டரை அவர்கள் பொறுப்பில் விடுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் வரும், அதற்குக் காத்திருக்க வேண்டாம். தினமும் ஒரே நேரத்தில் யூனிட்டைக் குறித்து, முந்தைய நாள் எண்ணைக் கழிக்கச் சொல்லுங்கள். இஸ்திரி போட்ட நாள், விருந்தாளி வந்த நாள், கரண்ட் போன நாள் எல்லாம் பக்கத்தில் எழுதப்படட்டும். தேதி இல்லாத குறிப்பை வாங்காதீர்கள்.