எந்த ஊழ்? ஆகூழா, போகூழா?



வேலை போய் மூணு வாரம். பௌர்ணமி கிரிவலத்தில் 14 கிலோமீட்டரும் ஒரே புலம்பல்: "எல்லாம் என் ஊழ்." கூட நடந்த அத்தை, தமிழ் டீச்சர், "எந்த ஊழ்டா?"ன்னாங்க.

ஊழ்னாலே கெட்டதுன்னு நினைச்சிருந்தேன். இல்லையாம். பழந்தமிழில் ஊழ் என்றால் முறை. ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல், உதிர்தல். பூவோட முழு ஆயுளும் ஒரே சொல்லுக்குள்ள இருக்கு!

திருக்குறள் 38-ஆம் அதிகாரத்தின் பெயரே 'ஊழ்'. அதில் வள்ளுவர் ரெண்டாகப் பிரிக்கிறார். ஆகூழ், சேருவதற்கான முறை. போகூழ், கைவிட்டுப் போவதற்கான முறை. முன்னது வந்தால் சோர்வில்லாத முயற்சி தோன்றுமாம், பின்னது வந்தால் சோம்பல். (எனக்குச் சுருக்குனு இருந்தது.) ஊழைவிட வலியது எது என்று கேட்டவரும் அவர்தான், 620-ஆவது குறளில், தளராமல் முயல்பவர் அந்த ஊழையே புறங்காண்பார் என்பவரும் அவர்தான்.

கம்பத்து இளையனார் சன்னதியில் நின்றப்போ அருணகிரிநாதர் ஞாபகம் வந்தது. வல்லாள மகாராஜா கோபுரத்திலிருந்து குதித்தவரை முருகன் தாங்கினார் என்பது ஐதீகம். திருப்புகழ் அதுக்கப்புறம்தான்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தேன். ரெஸ்யூமில் பழைய கம்பெனி இன்னும் 'தற்போது வரை'ன்னே இருந்தது.