முப்பது செக்கன் பிரதி

கண்டிப் பக்கம் சுகாதார அலுவலகத்திலோ தோட்டங்களில் வேலை செய்யும் தொண்டு நிறுவனத்திலோ சேர்ந்த புதிதில், "தம்பி, டெங்குக்கு ரேடியோவுக்கு ஒண்டு எழுதித் தாங்க" என்பார்கள். சுற்றறிக்கையைச் சுருக்கிக் கொடுத்துவிடாதீர்கள். "நுளம்புப் பெருக்க இடங்களை அகற்றுதல்" என்று யாரும் வாயால் சொல்வதில்லை.

முதலில் அளவு. 30 செக்கனுக்கு 75 சொல் என்பது ஆங்கிலக் கணக்கு. "கவிழ்த்துவைக்காவிட்டால்" நமக்கு ஒரே சொல். 45இல் நிறுத்தி, கைபேசியில் நேரம் பார்த்து உரக்க வாசியுங்கள்.

தாளின் தலையில் தலைப்பு, நேர அளவு, ஒலிபரப்பும் திகதிகள், சரிபார்த்த வைத்தியரின் கையொப்பம். இடப்பக்கம் பேசுபவர், வலப்பக்கம் பேச்சு. இரட்டை இடைவெளி. வரியிறுதியில் சொல்லை உடைக்கவே வேண்டாம்.

ஆங்கிலப் பிரதியில் ஒலிக்குறிப்பைப் பெரிய எழுத்தில் போடுவார்கள். தமிழில் பெரிய எழுத்து ஏது? அடைப்புக்குறிக்குள் போட்டு அடிக்கோடிடுங்கள். நான் ஒருமுறை சும்மா "மழைச் சத்தம் குறைகிறது" என்று எழுதிக் கொடுத்தேன். அறிவிப்பாளர் அதையும் சேர்த்து வாசித்துவிட்டார். நல்ல குரல், பாவம்.

எண்களில் கவனம். சுவசெரிய அம்புலன்ஸ் எண்ணை 1990 என்று போட்டால் ஆண்டுபோல வாசிப்பார்கள். "ஒன்று, ஒன்பது, ஒன்பது, பூச்சியம்" என்று எழுத்தில் எழுதுங்கள், இரண்டு தடவை. 2017இல் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு வந்தது உண்மைதான். ஆனால் முற்றத்துத் தயிர்ச்சட்டியில் நிற்கும் தண்ணீரைக் கொட்ட அந்த எண் எதற்கு?

ஒரு பிரதிக்கு ஒரு வேலை. காய்ச்சல் என்றால் காய்ச்சல் மட்டும்:

(மழைச் சத்தம், 3 செக்கன், குறைகிறது)
பெண் 1: அக்கா, புள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்ச. பனடோல் குடுத்தேன்.
பெண் 2: இன்னும் பாத்துக்கிட்டு இருக்காத. இப்பவே டாக்டர்கிட்ட கொண்டு போ.
பெண் 1: வேற மருந்து ஏதும்?
பெண் 2: அஸ்பிரின், புரூஃபன் குடுத்துறாத. டெங்குன்னா ரத்தம் கசியும்.

கட்டுகஸ்தோட்டைக் கடைக்காரருக்கு இந்தத் தோட்டத்துப் பேச்சு கொஞ்சம் அந்நியமாக இருக்கலாம். தெல்தோட்டை, புசல்லாவைத் தோட்ட லயங்களில் நேரே இறங்கும். இரண்டுக்கும் இரண்டு பிரதி, அந்தந்த இடத்துப் பேச்சைக் கேட்டு எழுதுவதே சரி. 1981இல் தொடங்கிய மகாவலி சமூக வானொலிக்காரர்கள் கிராமங்களிலேயே தங்கி ஒலிப்பதிவு செய்தார்கள். கொத்மலை நிலையம் அந்த வழியில் வந்தது. உங்களால் தங்க முடியாவிட்டாலும் ஒரு பொழுது லயத்து வாசலில் உட்கார்ந்து கேளுங்கள். ஒலிபரப்பும் நேரமும் அங்கேதான் தெரியும்: மலையில் கொழுந்து எடுப்பவர் காலை பத்து மணிக்கு எங்கே ரேடியோ கேட்பார்? காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்கு முன்னால் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் இரவு.

அனுப்புமுன், அலுவலகத்தில் தேநீர் கொண்டுவரும் அக்காவுக்கு ஒருமுறை வாசித்துக் காட்டி, "என்ன செய்யச் சொல்றாங்க?" என்று கேளுங்கள். "டெங்கைப் பத்தி ஏதோ சொல்றாங்க" என்றால் தாளோடு மேசைக்குத் திரும்புங்கள்.