வீதிப் பாதுகாப்பு: கணக்கைச் சரியாகப் பார்ப்போம்

பலேர்மோவில் எம்மவர் பலரின் வீட்டு வாசலில் ஒரு ஸ்கூட்டர் நிற்கும். வேலைக்குப் போவதும் பிள்ளையைப் பாடசாலையில் விடுவதும் அதில்தான். ஆகவே இத்தாலிய அரசின் தேசிய வீதிப் பாதுகாப்புத் திட்டம் எவ்வளவு தூரம் வெற்றி கண்டிருக்கிறது என்பது எமக்கும் உரிய கேள்வி. இம்முறை அதைப் பார்ப்போம்.

1999 ஆம் ஆண்டுச் சட்டமொன்றினால் இத்திட்டம் உருவானது. 2001 இல் நாடு முழுவதும் வீதி விபத்துகளில் இறந்தோர் 7,096 பேர். 2010 இல் 4,114 பேர். 42 சதவீதக் குறைவு. பாதியாகக் குறைப்பதே ஐரோப்பிய ஒன்றியத்தின் இலக்கு, அது எட்டப்படவில்லை. ஆனாலும் இது சிறிய காரியமல்ல. அக்காலத்தில் இரண்டு மாற்றங்கள் வந்தன. 2000 மார்ச் முதல், சிறிய மொப்பெட் ஓட்டும் பெரியவர்களுக்கும் தலைக்கவசம் கட்டாயமானது. 2003 யூலை முதல் சாரதி அனுமதிப்பத்திரத்துக்குப் புள்ளிமுறை வந்தது. தலைக்கவசச் சட்டத்தின் பலனை வட இத்தாலியின் ரொமாஞ்ஞா பகுதியில் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். முன்பு 20 சதவீதத்துக்கும் குறைவானோரே கவசம் அணிந்தனர். சட்டத்தின் பின் 96 சதவீதத்துக்கு மேல். இருசக்கர வாகன விபத்தில் மூளைக் காயத்துடன் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டோர் தொகை மூன்றில் ஒன்றாகக் குறைந்தது.

அடுத்த பத்தாண்டுக்கும் இலக்கு பாதியாக்குவதுதான். 2020 இல் இறந்தோர் 2,395 பேர். இலக்கைக் கிட்டத்தட்டத் தொட்டுவிட்டோம் என்று தோன்றும். ஆனால் அது கொரோனாவால் வீதிகள் வெறிச்சோடிய வருடம். அதற்கு முந்திய 2019 இல் 3,173 பேர். அதாவது 23 சதவீதமே குறைந்திருந்தது.

இப்போதைய திட்டம் 2019 இன் தொகையை 2030 இற்குள் பாதியாக்க வேண்டும் என்கிறது. 1,600 இற்கும் கீழே வரவேண்டும். 2024 இல் இறந்தோர் 3,030 பேர். ஐந்து வருடங்களில் 5 சதவீதம்கூடக் குறையவில்லை. இந்த வேகத்தில் இலக்கை எட்டுவது கடினம் என்றே நாம் நினைக்கிறோம்.

மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் இன்னொன்று மறைந்துவிடும். 2019 இல் 534 பாதசாரிகள் இறந்தனர், 2024 இல் 470 பேர். அது நல்ல செய்தி. மோட்டார் சைக்கிளில் சென்று இறந்தோரோ 698 இலிருந்து 830 ஆகக் கூடியிருக்கின்றனர். எம் வாசலில் நிற்கும் வாகனம் இந்தப் பக்கத்தில்தான் வருகிறது.

விபத்து நடந்து 30 நாட்களுக்குள் இறப்பவரே இக்கணக்கில் சேர்வார். கால் முறிந்து ஆறு மாதம் படுத்திருப்பவர் இதில் இல்லை. வழமையான ஒரு வருடத்தில் காயப்படுவோர் இரண்டு இலட்சத்துக்கு மேல். வீட்டு வேலைச் சம்பளத்தில் ஊருக்கும் பணம் அனுப்பும் குடும்பத்துக்கு அந்த ஆறு மாதம் என்னவென்று சொல்லத் தேவையில்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையை ஸ்கூட்டரில் ஏற்றுவதைச் சட்டம் தடை செய்கிறது. விபத்துக் கண்டால் 112 ஐ அழையுங்கள். காயப்பட்டவர் மூச்சுவிடுகிறார் என்றால் தலைக்கவசத்தை நீங்களாகக் கழற்றாதீர்கள், கழுத்து அசையக்கூடாது. பதிவுசெய்த வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ விபத்து நடந்திருந்தால், அதை அவசர சிகிச்சைப் பிரிவிலேயே வைத்தியரிடம் சொல்லுங்கள். வேலை விபத்துக் காப்புறுதியான இனாயிலில் உதவி கோர அந்த மருத்துவச் சான்றிதழ் வேண்டும்.